பதினெட்டு வயதுக்கு என்ன விலை?

அமெரிக்க பேஸ்பால் அணிகள் இளைஞர்களைப் பொறுக்கி எடுக்கும் நாளில் நிபுணரின் கண், கணினியின் எண், முதலாளியின் பை என்று மூன்றும் மோதிக்கொள்கின்றன. இந்த மோதலில் மாட்டிக்கொள்பவன் ஒரு பள்ளி மாணவன்.

1992 ஜூன் மாதம் ஹால் நியூஹவுசருக்கு 71 வயது. இளமையில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காகப் பந்து எறிந்தவர். தன் வாழ்நாளில் 207 ஆட்டங்களை வென்றவர். 1944, 1945 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தன் லீகின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதைத் தட்டிச் சென்றவர். வயதான காலத்தில் அவர் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு ஸ்கவுட். அதாவது, மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி மைதானங்களைச் சுற்றி வந்து, தேறக்கூடிய பையன்கள் இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலை. அந்த ஆண்டு அவர் கண்ணில் ஒருவன் பட்டான். கலமசூ என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்த 17 வயதுப் பையன். ஒட்டடைக் குச்சி போல் உடம்பு. பெயர் டெரெக் ஜீட்டர்.

அந்த ஆண்டு நாட்டிலேயே முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஹூஸ்டனுக்கு இருந்தது. 'இவனை விடாதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும் தகும்' என்று தலைமை அலுவலகத்தை நியூஹவுசர் மன்றாடினார். அலுவலகம் கணக்குப் போட்டது. பையனுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இடம் காத்திருந்தது. அதை உதறிவிட்டு வர வேண்டுமென்றால் பெரிய தொகை கேட்பான். ஆகவே பில் நெவின் என்ற கல்லூரி வீரர் 7 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமானார். அடுத்த நான்கு அணிகளும் வேறு ஆட்களைத் தேர்ந்தெடுத்தன. ஆறாவது இடத்தில் நியூயார்க் யாங்கீஸ் ஜீட்டரை எடுத்துக்கொண்டது. நியூஹவுசர் வேலையை விட்டு விலகினார்.

பிறகு நடந்தது பேஸ்பால் ரசிகர்கள் அனைவருக்கும் மனப்பாடம். ஜீட்டர் 20 பருவங்கள் ஒரே அணிக்கு ஆடினார், 3,465 'ஹிட்'கள் அடித்தார், ஐந்து முறை உலகத் தொடர் பட்டத்தில் பங்கு பெற்றார். 2020இல் புகழ் மண்டபத்துக்கு அவரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்த 397 பேரில் ஒருவர் தவிர அத்தனை பேரும் ஆதரித்தனர். நெவினும் மோசமான ஆட்டக்காரர் அல்ல. 12 ஆண்டுகள் ஆடி 208 ஹோம் ரன்கள் அடித்தவர். ஆனால் ஜீட்டருக்கு முன்பு தேர்வான ஐவரில் ஒருவர் பெரிய லீகில் ஒரு நாள்கூட ஆடவில்லை என்பதும் உண்மை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்: கிழவர் புத்திசாலி, அலுவலகம் முட்டாள். விஷயம் அவ்வளவு சுலபமல்ல.

முதலில் இந்தத் தேர்வு முறை. ஐ.பி.எல். ஏலத்தில் வீரருக்கு விலை கூறப்படுகிறது, பணம் அதிகம் உள்ளவர் அள்ளிக்கொள்கிறார். அமெரிக்காவில் 'டிராஃப்ட்' என்றால் ஏலம் அல்ல, வரிசை. போன பருவத்தில் தோற்றுக் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு, ஜெயித்த அணிக்குக் கடைசி வாய்ப்பு. தேர்ந்தெடுத்த அணியோடு மட்டுமே பையன் ஒப்பந்தம் பேச முடியும். பிடிக்கவில்லையென்றால் கல்லூரிக்குப் போய்விட்டுப் பிறகு மீண்டும் வரிசையில் நிற்கலாம். 1964இல் ரிக் ரைக்கார்ட் என்ற கல்லூரி வீரருக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டபோது முதலாளிகள் அரண்டுபோனார்கள். மறுவருடமே இந்த முறை அமலுக்கு வந்தது. ஏழை அணிகளைக் கைதூக்கிவிட என்று காரணம் சொல்லப்பட்டது. பையன்களின் விலையைக் கட்டுக்குள் வைக்க என்பது சொல்லப்படாத காரணம்.

கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் இதே முறை உண்டு. ஆனால் அங்கே தேர்வாகும் இளைஞர் சில மாதங்களில் பெரிய அரங்கில் இறங்கிவிடுவார். பேஸ்பாலில் அப்படியல்ல. தேர்வான பிறகு மூன்று, நான்கு, சில சமயம் ஆறு ஆண்டுகள் மைனர் லீக் என்ற படிக்கட்டில் ஏற வேண்டும். சின்ன ஊர்கள், ராத்திரி பஸ் பயணம், சொற்பச் சம்பளம். ஆகவே ஸ்கவுட் பார்ப்பது எதிரே நிற்கும் பையனை அல்ல. 25 வயதில் அவன் என்னவாக இருப்பான் என்பதை. கன்றைப் பார்த்துப் பாலின் அளவைச் சொல்கிற வேலை.

அதற்கென்று ஒரு சாஸ்திரமே இருக்கிறது. ஒரு வீரருக்கு ஐந்து ஆயுதங்கள் என்பது கணக்கு: பந்தை மட்டையில் படவைப்பது, தூரமாக அடிப்பது, ஓடுவது, தடுப்பது, எறிவது. ஒவ்வொன்றுக்கும் 20இலிருந்து 80 வரை மதிப்பெண். 50 என்றால் பெரிய லீகின் சராசரி. 80 என்பது அபூர்வம். ஓட்டத்துக்கு ஸ்டாப் வாட்ச் இருக்கிறது. மட்டையை வீசிவிட்டு 90 அடி தள்ளியிருக்கும் முதல் தளத்தைத் தொட வலது கைக்காரர் ஒருவர் சுமார் 4.3 விநாடி எடுத்துக்கொண்டால் அது சராசரி. பந்தின் வேகத்துக்கு ரேடார் கருவி. எறியும் கையின் பலம் கண்ணுக்கே தெரியும்.

மிச்சமிருப்பது முதல் ஆயுதம். பந்தை மட்டையில் படவைக்கும் திறமை. ஐந்திலும் முக்கியமானது இதுதான். அளக்கவே முடியாததும் இதுதான். 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து வரும் வேகப்பந்து மட்டையாளரை அடைய அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் அது நேராக வருமா, வளையுமா, அடிக்கலாமா, விட்டுவிடலாமா என்று முடிவெடுத்தாக வேண்டும். பள்ளியில் ஒரு பையன் ஆட்டத்துக்கு ஆட்டம் விளாசித் தள்ளலாம். எதிரே பந்து எறிந்தவன் மறுவருடம் பல் மருத்துவம் படிக்கப் போகிறவனாக இருந்தால் அந்த விளாசலுக்கு என்ன மதிப்பு? போதாக்குறைக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் உலோக மட்டை. தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டை. உலோகத்தில் தப்பாகப் பட்டாலும் பந்து பறக்கும். மரத்தில் அதே அடி பொத்தென்று விழும். அதனால்தான் கல்லூரி வீரர்கள் கோடை விடுமுறையில் மர மட்டையோடு ஆடும் கேப் காட் லீகுக்கு ஸ்கவுட்டுகள் கூட்டமாகப் போகிறார்கள்.

தட்பவெப்பமும் கண்ணை மறைக்கும். கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் பையன்கள் வருடம் முழுக்க ஆடலாம். வடக்கே நியூ ஜெர்சியில் குளிர் விலகி மைதானம் காய்வதற்குள் பள்ளிப் பருவம் பாதி முடிந்துவிடும். 2009இல் அங்கே மில்வில் என்ற சிற்றூரில் ஆடிக்கொண்டிருந்த மைக் டிரவுட்டைப் பல அணிகள் பார்த்தன. எதிரணிகள் பலவீனம் என்று தயங்கின. 24 தேர்வுகள் முடிந்த பிறகு 25ஆவதாகத்தான் ஏஞ்சல்ஸ் அணி அவரை எடுத்தது. 2014, 2016, 2019 என்று மூன்று முறை லீகின் சிறந்த வீரர் விருது பெற்றவர் அவர்.

இனி உடம்பு. பெண் பார்க்கப் போகிறவர்களைப் போல ஸ்கவுட்டுகள் பையனின் வீட்டுக்குப் போவார்கள். தாய் தந்தையின் உயரத்தைக் கவனிப்பார்கள். தோள் அகலமா, கை பெரியதா, இன்னும் சதை போட இடம் இருக்கிறதா என்று மனதுக்குள் கணக்குப் போடுவார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கண்ணுக்கு லட்சணமாக இருப்பவனை ஆட்டக்காரன் என்று நம்பிவிடும் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. 1984இல் கிரெக் மேடக்ஸைப் பார்த்த ஸ்கவுட், இந்தப் பையன் மட்டும் இன்னும் கொஞ்சம் கட்டுமஸ்தாக இருந்தால் நாட்டிலேயே முதல் இடம் இவனுக்குத்தான் என்ற பொருளில் எழுதிவைத்தார். மேடக்ஸ் 31ஆவதாகத் தேர்வானார். பின்னர் 355 ஆட்டங்களை வென்றார். அந்த ஸ்கவுட்டின் கண்ணில் குறையில்லை. ஆளைச் சரியாகவே பார்த்திருந்தார். குறை அந்த 'மட்டும்' என்ற சொல்லில் இருந்தது.

இதற்கு நேர்மாறான உதாரணம் பில்லி பீன். 1980இல் முதல் சுற்றில் நியூயார்க் மெட்ஸ் எடுத்த பையன். உயரம், வேகம், அழகு எல்லாம் பொருந்திய, ஸ்கவுட்டுகள் கனவு காணும் உடம்பு. பெரிய லீகில் அவர் ஆடியது 148 ஆட்டங்கள்தான். தோல்வியைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. பிற்பாடு ஓக்லண்ட் அணியின் மேலாளராகி, உடம்பைப் பார்க்காதே, கல்லூரியில் என்ன செய்தான் என்ற எண்ணைப் பார் என்று அவர் ஆரம்பித்த கலகம்தான் 2003இல் வெளிவந்த 'மணிபால்' என்ற புத்தகத்தின் கரு. தன்னைத் தேர்ந்தெடுத்த அதே முறையை அவர் எதிர்த்தார் என்பதுதான் அதன் விசேஷம்.

அதன் பிறகு எண்கள் பெருகிவிட்டன. பந்து நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழல்கிறது, மட்டையை விட்டு எந்த வேகத்தில் எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்பதெல்லாம் கல்லூரி மைதானங்களிலேயே பதிவாகிறது. மூட்டுகளின் அசைவைக் கேமராக்கள் அளக்கின்றன. அப்படியானால் தேர்வு இப்போது தப்பாமல் நடக்க வேண்டுமே? இதற்குப் பதில் சொல்லவும் ஹூஸ்டனுக்கே போக வேண்டும்.

2011, 2012, 2013 என்று மூன்று பருவங்களிலும் ஹூஸ்டன் நூற்றுக்கு மேல் ஆட்டங்களில் தோற்றது. 2013இல் மட்டும் 111 தோல்விகள். பலன், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் முதல் தேர்வு. அப்போது அணியின் நிர்வாகம் எண்களில் ஊறியவர்களின் கையில் இருந்தது. ஒரே அலுவலகம், கிட்டத்தட்ட அதே மூளைகள், அதே கணினிகள். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலாமவர், 2012இல் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த கார்லோஸ் கொரியா. அந்த ஆண்டுதான் ஒவ்வொரு தேர்வுக்கும் இவ்வளவு தொகை என்று லீக் வரையறுத்து, அணிக்கு மொத்த உச்சவரம்பும் விதித்திருந்தது. முதல் இடத்துக்கு 72 லட்சம் டாலர். கொரியா 48 லட்சத்துக்குச் சம்மதித்தார். மிச்சமான பணத்தைக் கொண்டு, அதிகம் கேட்பார் என்று மற்ற அணிகள் தயங்கிய லான்ஸ் மெக்கல்லர்ஸ் என்ற பந்தெறியாளரை 41ஆவது இடத்தில் வளைத்துப்போட்டார்கள். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். 2017இல் ஹூஸ்டன் பட்டம் வென்றபோது இருவருமே அணியில் இருந்தனர். எதிரணியின் சைகைகளைத் திருடினார்கள் என்ற கறை அந்தப் பட்டத்தின் மீது பின்னர் படிந்தது வேறு கதை.

இரண்டாமவர், 2013இல் மார்க் அப்பெல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த பந்தெறியாளர். பழுத்த கல்லூரி வீரர், உயரம், வேகம், நல்ல நடத்தை எல்லாம் இருந்தது. இவரைத் தேர்ந்தெடுத்ததற்காக எவரும் வேலை இழக்கமாட்டார்கள் என்று சொல்லத்தக்க தேர்வு. அடுத்த இடத்தில் சிகாகோ கப்ஸ் எடுத்த கிரிஸ் பிரையன்ட் 2016இல் லீகின் சிறந்த வீரர் ஆனார். அப்பெல் மைனர் லீகிலேயே தட்டுத் தடுமாறினார். தோள் வலித்தது. 2018இல் ஆட்டத்தையே விட்டுவிட்டார். பிறகு மனம் மாறித் திரும்பி வந்து, 2022 ஜூனில், 30ஆவது வயதில், பிலடெல்பியா அணிக்காகப் பெரிய லீகில் முதல் முறையாகப் பந்து எறிந்தார். தோல்வியின் உதாரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி வந்து நின்ற அந்த நாளைத் தேர்வுக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

மூன்றாமவர், 2014இல் பிராடி எய்கன். சான் டியேகோ பள்ளி மாணவர். இடது கைப் பந்தெறியாளர். 65 லட்சம் டாலருக்குப் பேச்சு முடிந்திருந்தது. மருத்துவச் சோதனையில் முழங்கையின் தசைநார் பற்றிச் சந்தேகம் எழுந்தது. ஹூஸ்டன் தொகையைக் குறைத்தது. பையன் தரப்பு கொதித்தது. ஒப்பந்தம் இல்லாமலே பிரிந்தார்கள். அணியின் பேரத்தைப் பலரும் திட்டித் தீர்த்தனர். மறு ஆண்டு எய்கனின் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. வேறு அணியில் சேர்ந்தும் அவர் பெரிய லீகை எட்டவில்லை. எய்கனை இழந்ததற்கு ஈடாக 2015இல் கிடைத்த இரண்டாவது தேர்வில் ஹூஸ்டன் எடுத்தது அலெக்ஸ் பிரெக்மனை. அவரோ நட்சத்திரமானார். மருத்துவர் சரி, அணி சரி, கணக்கும் சரி. 17 வயதில் கைக்கு வந்த 65 லட்சம் டாலரைப் பறிகொடுத்த பையனிடம் இதைச் சொல்லி என்ன பயன்?

1965 முதல் 2025 வரை பள்ளியிலிருந்து நேராக வந்து முதல் இடத்தில் தேர்வான பந்தெறியாளர்கள் மூன்றே பேர். மூவருமே இடது கைக்காரர்கள். எய்கனுக்கு முன்பு மற்ற இருவர். 1973இல் டேவிட் கிளைட். பள்ளி முடிந்த சில வாரங்களில் டெக்சாஸ் அணி அவரை நேராகப் பெரிய லீகில் இறக்கியது. காரணம் ஆட்டமல்ல, டிக்கெட். முதல் நாள் 35,000க்கு மேல் கூட்டம். பையன் ஜெயித்தான். கல்லா நிறைந்தது. மைனர் லீகில் பக்குவப்பட வேண்டிய கை தொடர்ந்து பெரியவர்களுக்கு எதிராக எறிந்தது. 18 வெற்றி, 33 தோல்வியோடு 24 வயதில் அவருடைய பெரிய லீக் வாழ்க்கை முடிந்தது. 1991இல் பிரையன் டெய்லர். வட கரோலினாவின் எளிய குடும்பம். யாங்கீஸ் அணி முதலில் சொன்ன தொகையைத் தாயார் ஏற்கவில்லை. உறுதியாக நின்று 15.5 லட்சம் டாலர் வாங்கினார். 1993 டிசம்பரில் தம்பியோ அண்ணனோ என்று பார்க்காமல் உடன்பிறந்தவனுக்காக ஒரு சண்டையில் தலையிட்டபோது டெய்லரின் இடது தோள் கிழிந்தது. அதன் பிறகு அந்தப் பந்து திரும்ப வரவேயில்லை. எந்த ஸ்கவுட் இதை முன்கூட்டி எழுதியிருக்க முடியும்?

ஆக, தவறுகளில் இரண்டு வகை உண்டு. டெய்லரின் தோள் யாருக்கும் தெரியாது. அது விதி. ஆனால் ஜீட்டர் விஷயம் அப்படியல்ல. தெரிந்தவர் ஒருவர் இருந்தார், சொன்னார், கேட்கவில்லை. முதல் சில இடங்களில் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டாம் வகைத் தவறுதான் அதிகம் உறுத்துகிறது. 1966இல் தங்களுக்கு ஒரு கேட்சர் தேவை என்று மெட்ஸ் ஸ்டீவ் சில்காட் என்பவரை எடுத்து, ரெஜி ஜாக்சனைக் கைவிட்டது. சில்காட் பெரிய லீகில் ஆடவேயில்லை. ஜாக்சன் 563 ஹோம் ரன் அடித்தார். 2004இல் சான் டியேகோ, கேட்ட தொகை அதிகம் என்று கல்லூரி வீரர்களை ஒதுக்கிவிட்டு உள்ளூர்ப் பையன் மாட் புஷ்ஷை எடுத்தது. இரண்டாவது இடத்தில் டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தவர் ஜஸ்டின் வெர்லாண்டர். யார் சிறந்தவன் என்ற கேள்விக்கு, யார் மலிவானவன், யார் அவசரத்துக்கு உதவுவான் என்று பதில் சொன்னதன் விளைவு.

பணத்தைப் பார்த்தாலே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 2001இல் மினசோட்டா, நாடே புகழ்ந்த கல்லூரிப் பந்தெறியாளர் மார்க் பிரையரை விட்டுவிட்டு உள்ளூர்ப் பள்ளி மாணவர் ஜோ மாவரை எடுத்தபோது கஞ்சத்தனம் என்று ஏசினார்கள். பிரையர் ஒரு பருவத்தில் 18 ஆட்டங்களை வென்றார். பிறகு காயங்கள் அவரை விழுங்கிவிட்டன. மாவர் 2024இல் புகழ் மண்டபத்தில் நுழைந்தார். 1990இல் அட்லாண்டா மனதார விரும்பியது டாட் வான் பாப்பல் என்ற பந்தெறியாளரை. உங்களிடம் வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால் வேறு வழியில்லாமல் சிப்பர் ஜோன்ஸை எடுத்தார்கள். வான் பாப்பல் 40 வெற்றி, 52 தோல்வி. ஜோன்ஸ் புகழ் மண்டபத்தில். சரியான தேர்வு என்று இன்று பாராட்டப்படுவதில் எவ்வளவு அறிவு, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு காட்சி. 2016 ஜூலையில் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் இருவர் சேர்ந்து இடம் பெற்றனர். ஒருவர் கென் கிரிஃபி ஜூனியர், 1987இன் முதல் தேர்வு. இந்த முறை தொடங்கி அரை நூற்றாண்டு ஆகியும் அதுவரை முதல் தேர்வான எவரும் அந்த மண்டபத்தை எட்டியிருக்கவில்லை. மற்றவர் மைக் பியாசா. 1988இல் 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாக, குடும்ப நண்பர் ஒருவரின் சிபாரிசுக்காக எடுக்கப்பட்டவர். முதல் ஆளும் கிட்டத்தட்டக் கடைசி ஆளும் ஒரே மேடையில்.

அப்படியானால் முதல் தேர்வு வெறும் லாட்டரியா? அதுவும் இல்லை. கிரிஃபியை எல்லோரும் கண்டுகொண்டார்கள். 2023இல் முதலாவதாகத் தேர்வாகி 92 லட்சம் டாலர் பெற்ற பால் ஸ்கீன்ஸ், மணிக்கு 160 கி.மீ. வேகத்தை அநாயாசமாகத் தொடும் கையோடு பத்தே மாதத்தில் பிட்ஸ்பர்க் அணியில் இறங்கி, 2024இன் சிறந்த புதுமுகம் ஆனார். பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள். பார்த்ததை வைத்து என்ன செய்வது என்பதில்தான் அலுவலகங்கள் தடுமாறுகின்றன. வேண்டுமென்றே தோற்று முதல் இடத்தைப் பிடிக்கும் வித்தையை ஒடுக்க, 2023 தேர்விலிருந்து முதல் ஆறு இடங்களைக் குலுக்கல் மூலம் ஒதுக்குகிறார்கள். வரிசைக்குக் குலுக்கல் வந்துவிட்டது. தேர்ந்தெடுப்பவரின் துணிச்சலைக் குலுக்கிப் போட்டு எடுக்க முடியாது.

பொறுமை என்று ஒன்றும் உண்டு. ஜீட்டரே அதற்குச் சாட்சி. முதல் கோடையில் அவருடைய பேட்டிங் சராசரி .202. பேஸ்பால் கணக்கில் அது படுமோசம். இரவுகளில் வீட்டுக்குப் போன் செய்து அழுததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மறு ஆண்டு 1993இல் தடுப்பாட்டத்தில் 56 பிழைகள். அந்த இரண்டு வருடங்களின் கணக்கை மட்டும் ஒருவர் பார்த்திருந்தால் ஹூஸ்டன் தப்பித்தது என்றே எழுதியிருப்பார். யாங்கீஸ் கலங்கவில்லை, காத்திருந்தது. தேர்வு நாளன்று பாதிதான் முடிகிறது. மீதித் தேர்வு அடுத்த ஐந்து ஆண்டுகளில், பையனை எப்படி வளர்க்கிறார்கள் என்பதில் நடக்கிறது.

இந்தியாவுக்கும் இந்தக் கதை அந்நியமல்ல. 2008இல், வேகமாகவும் குறி தவறாமலும் பந்து எறிபவருக்குப் பரிசு என்று இங்கே ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடந்தது. அதிலிருந்து உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிதல் இளைஞர்கள் இருவர், ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தமானார்கள். பேஸ்பாலையே பார்த்திராதவர்கள். ரேடார் கருவி மட்டும் செய்த தேர்வு அது. இருவரும் மைனர் லீகைத் தாண்டவில்லை. அவர்கள் கதை 2014இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஹாலிவுட் படமானது. அதே 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபோது, 19 வயதுக்கு உட்பட்ட உலகக் கோப்பை வீரர்களை மட்டும் ஏலம் விடாமல் டிராஃப்ட் முறையில் பங்கிட்டார்கள். பேட்ஸ்மேன்கள் போதுமான அளவு இருந்ததால் டெல்லி, உள்ளூர் வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. இன்னொரு டெல்லிப் பையன் பெங்களூருக்குப் போனார். அவர் விராட் கோலி. தேவைக்கு எடுப்பதா, திறமைக்கு எடுப்பதா என்ற 1966இன் கேள்வி, நம் ஊர் வாசலில்.

2024 ஐ.பி.எல். ஏலத்தில் 13 வயது வைபவ் சூர்யவன்ஷியின் விலை ஒரு கோடியே 10 லட்சம் ரூபாய். மறு பருவம் அவர் 35 பந்துகளில் சதம் அடித்தபோது வாங்கியவர்களின் கண் மெச்சப்பட்டது. இனி 13 வயதிலும் 14 வயதிலும் இன்னும் பல பையன்களுக்கு விலை கூறப்படும். அத்தனை பேரும் சதம் அடிக்கப்போவதில்லை.

அமெரிக்காவில் தேர்வாகும் பள்ளி மாணவர்கள் பலரின் ஒப்பந்தத்தில், லட்சங்களுக்குக் கீழே ஒரு சின்ன ஷரத்து இருக்கும். ஆட்டம் கைகொடுக்காமல் போனால், அவன் பிறகு படிக்கப் போகும் கல்லூரிச் செலவில் இவ்வளவை அணி ஏற்கும் என்று. பத்திரிகைகள் அதை எழுதுவதில்லை. ஸ்கவுட்டின் 80 மதிப்பெண்ணையும் கணினியின் எண்ணையும் நம்பிக் கையெழுத்துப் போட உட்காரும் தாய் தகப்பன், அது எந்த நாடாக இருந்தாலும், முதலில் தேடிப் படிக்க வேண்டிய வரி அதுதான். அணிக்கு அடுத்த வருடம் இன்னொரு தேர்வு நாள் வரும்.